வெடிக்காத ஹோஸ்

“கையும் களவுமாப் பிடிச்சுட்டேன், லொரெட்டா! அந்த டெல்மரை இன்னைக்கே வெளியே அனுப்பு!”

ஆர்லன் நுழைந்த வேகத்தில் ஆபீஸ் கதவின் கண்ணாடி அதிர்ந்தது. வண்டி வீடுகளை நிறுத்திக் குடியிருக்கும் அந்தக் கேரவன் பார்க்கின் மேனேஜர் லொரெட்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“உங்க பக்கத்து இடத்துக்காரர்தானே? என்ன பண்ணார்?”

“நான் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பேன்னு அவனுக்குத் தெரியும். இன்னைக்கு முதுகுவலி, ஏழுக்கே எழுந்துட்டேன். ஜன்னல் வழியாப் பார்த்தா, பார்க் குழாய்கிட்ட குந்திக்கிட்டு, அங்கேருந்து என் கேரவனுக்கு வர்ற தண்ணி ஹோஸைத் திருகிக்கிட்டிருக்கான்!”

“அதனால?”

“அதனாலயா? நாலு குளிர்காலமா சில ராத்திரி எனக்குத் தண்ணி வராது. காலையில வந்துடும். பார்க் பைப்புலதான் கோளாறுன்னு உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கேன்?”

“எண்ணறதை விட்டுட்டேன்.”

“ராத்திரி கழட்டிட்டு, காலையில மாட்டிட்டுப் போறான். கோளாறு பைப்புல இல்லை, அவன் மனசுல!”

இவர்களின் பகை பார்க் முழுக்கத் தெரிந்த சங்கதி. நாலு வருஷத்துக்கு முன்னால் டெல்மர் தன் கேரவனைப் பின்னால் எடுக்கும்போது ஆர்லனின் மடக்கு மேஜையை நசுக்கிவிட்டார். மறுநாளே புதுசு வாங்கிக் கொண்டுவந்தார். ஆர்லன் டேப் வைத்து அளந்தார். பழையதைவிட அரை அங்குலம் தடிமன் கூட. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் நுழையாது.

“அரை அங்குலம் உனக்குச் சின்ன விஷயம். இருபத்தோரு அடி வீட்டுல குடியிருக்கிறவனுக்கு அது ஒரு அறை” என்று மேஜையைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு பேச்சு நின்றது.

ஆர்லனின் கேரவனைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பாத்திரங்கள், அப்பளமாக அமுங்கும் கெட்டில், வண்டி குலுங்கினாலும் பாட்டில் சாயாமல் ஃப்ரிட்ஜுக்குள் ஸ்பிரிங் கம்பி. எல்லாம் காட்டி முடித்துக் கடைசியில் ஹோஸுக்கு வருவார்.

“சுருட்டினா ஒரு தட்டு அளவுதான். நாலு குளிர்காலம் பார்த்தாச்சு. இங்கே எத்தனை பேர் ஹோஸ் உறைஞ்சு வெடிச்சிருக்கு! இதுல ஒரு கீறல் உண்டா? டெல்மர் வெச்சிருக்கானே, கரண்ட்ல சூடாகுற ஹோஸ், மலைப்பாம்பு! அதைத் தூக்கிட்டுப் போகத் தனி வண்டி வேணும்.”

ஆர்லனோடு லொரெட்டா போனபோது டெல்மர் தன் கேரவனுக்கு வெளியே அடுப்பு வைத்து பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மினசோட்டாவிலிருந்து புதிதாக வந்த தம்பதியும் நின்றார்கள். முந்தின நாள்தான் ஆர்லனிடம் அந்த ஹோஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“டெல்மர், இவர் ஹோஸைத் தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

“ராத்திரி கழட்டினதும் நீங்கதானா?”

“நான்தான்.”

“எதுக்கு?”

டெல்மர் கூட்டத்தைப் பார்த்தார். மினசோட்டாப் பெண்ணின் கையிலிருந்த ஹோஸ் சீட்டைப் பார்த்தார்.

“காரணம் வேண்டாம், லொரெட்டா. இத்தனை பேர் முன்னால வேண்டாம்.”

“இருந்தாத்தானே சொல்லுவான்!” என்று ஆர்லன் கத்தினார். “அரை அங்குலத்துக்குப் பழி வாங்குறான்!”

அடுத்தவர் தண்ணீரிலோ கரண்டிலோ கை வைத்தால் இடம் காலி. வாசல் பலகையில் அதைப் பெயிண்டால் எழுதியதே லொரெட்டாதான்.

“எனக்கு வேற வழியில்லை, டெல்மர்.”

“புரியுது. இந்த பான்கேக்கை மட்டும் சாப்பிட்டுக் கிளம்பறேன். கருகினாலும் நான் சுட்டது.”

மத்தியானத்துக்குள் டெல்மரின் கேரவன் கிளம்பியது. ஆர்லனின் வாசலுக்கு நேரே வந்ததும் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். ஆர்லன் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். டெல்மர் என்னவோ சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. சரளைக்கல் மேல் சக்கரம் உருண்டு போனது மட்டும் காலில் அதிர்ந்தது.

அன்று ராத்திரி ஆர்லன் எழுந்து குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது.

“பார்த்தியா!” என்றார், யாரும் இல்லாத இடத்தில்.

காலையில் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு இல்லை.

வெளியே வந்தார். சரளையெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. குழாயிலிருந்து கேரவன் வரைக்கும் ஹோஸ் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. உள்ளே ஐஸ் தெரிந்தது.

மினசோட்டாத் தம்பதி எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு லொரெட்டா வந்தாள்.

“நேத்து எவ்வளவு குளிர்! ராத்திரி கழட்டி வைக்கலையா?”

“நான் எதுக்குக் கழட்டணும்? இது நாலு குளிர்காலமா வெடிக்காத…”



லொரெட்டா குனிந்து அந்தப் பிளவை விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, காலியாகக் கிடந்த பக்கத்து இடத்தைப் பார்த்தாள்.

“ராத்திரி தண்ணி வரலேன்னு நீங்க வந்து என்னைத் திட்டின காலையில எல்லாம், ஆர்லன், ஹோஸ் உறைஞ்சு வெடிச்சுப் போச்சுன்னு உங்களுக்கு முன்னால நாலு பேர் வந்து நிப்பாங்க.”