லூசியாவின் தகப்பனுடைய துவக்கு

1997, ஆயுத பூசைக்கு மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், பஸ்ரியன் அண்ணை துவக்கைப் பார்க்க வந்தார்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் பொலிஸில் ஆயுதக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். இப்போது ரொறன்ரோவில் பழைய இராணுவத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

பத்மநாதன் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படித் தூக்கியதில்லை என்று அவன் மனைவி அருள்மலர் நினைத்தாள்.

துவக்கு ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தது. விரிப்பு லூசியாவின் வீட்டது. அதில் இருந்த சவர்க்கார வாசம் அருள்மலரின் வீட்டில் இல்லாதது. கழுவிப் போடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். பத்மநாதன் விடவில்லை.

லூசியா ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்து மெசினில் நிற்பவள். தகப்பன் செத்துப்போக, துவக்கை வீட்டில் வைத்திருக்கப் பயமென்று அவனிடம் கொடுத்தாள். விற்றுத் தரச் சொன்னாள்.

அதற்காக அவன் பாதுகாப்பு வகுப்புக்குப் போனான். சோதனை எழுதினான். அனுமதிப் பத்திரம் எடுத்தான்.

ஆங்கில வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி அருள்மலர் கேட்டபோதெல்லாம் அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

அடுத்த சனி கிங்ஸ்டனில் துவக்குச் சந்தை. பஸ்ரியன் அண்ணை நல்லதென்று சொன்னால் அங்கே கொண்டுபோவதாக ஏற்பாடு. லூசியாவும் போவாள். அவளின் சாமான்தானே, அவள் வராமல் எப்படி என்று பத்மநாதன் கேட்டான். போனால் இரவு தங்கித்தான் வரவேண்டும்.

பஸ்ரியன் அண்ணை விரிப்பை விலக்கினார்.

கை அப்படியே நின்றது.

துவக்கு கடையில் வாங்கிய புதுக் குத்துவிளக்கைப் போல மின்னியது. குழாயில் ஒரு குங்குமப் பொட்டு.

"சோக்கா இருக்கெல்லே, அண்ணை?" என்றான் பத்மநாதன். "ஆயுத பூசை எண்டால் ஆயுதம் வைக்கத்தானே வேணும். மலர்தான் மினுக்கி வச்சவ."

முந்தின நாள் வேலையால் வந்தவன், சரஸ்வதி படத்துக்கு முன்னால் அது மினுங்குவதைக் கண்டு அவளின் தோளைத் தட்டியிருந்தான். அவன் அவளைத் தொட்டு நாளாகியிருந்தது.

பஸ்ரியன் அண்ணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு துவக்கின் இடப்பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"லோங் பிராஞ்ச். நாப்பத்திமூண்டு," என்று வாசித்தார். "இஞ்ச, லேக்‌ஷோர்ப் பக்கம் இருந்த பக்டரியில சண்டைக் காலத்தில செய்தது. எங்களை மாதிரி வந்து சேந்தவ இல்லை, தம்பி, இவ. இஞ்சயே பிறந்தவ."

பத்மநாதன் சிரித்தான்.

அருள்மலருக்கு அந்த 'இவ' பிடிக்கவில்லை.

துவக்கின் உடம்பில் குத்தியிருந்த இலக்கத்தையும் இழுத்துத் திறக்கும் பூட்டில் இருந்த இலக்கத்தையும் அவர் விரலால் தடவி ஒப்பிட்டார். "சாதகமும் பொருந்துது. ரெண்டும் ஒண்டாய்ப் போட்டது. ஒருத்தரும் மாத்தேல்லை."

பிறகு மரத்தைப் பார்த்தார். "மான் வேட்டைக்குப் போறவங்கள் பாரம் எண்டு முன்பக்கத்தை அறுத்துப்போடுவாங்கள். இது முழுசாய் இருக்கு."

"அப்ப கிங்ஸ்டனுக்குக் கொண்டு போகலாம்."

பஸ்ரியன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னத்தால மினுக்கினனீர், பிள்ளை?"

"புளியும் திருநீறும்," என்றாள் அருள்மலர். "மரத்துக்குச் சட்டி தேய்க்கிற கம்பி. பிறகு நல்லெண்ணெய்."

அவர் தலையாட்டினார். பத்மநாதனைப் பார்த்துத்தான் பேசினார்.

"இரும்பில ஒரு கறுப்பு இருந்திருக்கும். அது ஊத்தையில்லை, தம்பி. பக்டரியில போட்டுவிட்ட தோல். மரத்தில ஆமிக்காரர் குத்தின முத்திரையள் இருந்திருக்கும். அதுகளைப் பாத்துத்தான் சேகரிக்கிறவங்கள் விலை சொல்லுவாங்கள். இப்ப ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டாங்கள்."

"திரும்பக் கறுப்படிச்சால்?"

"கிழவிக்கு மை பூசின மாதிரி இருக்கும்."

பத்மநாதன் அவள் பக்கம் திரும்பினான்.

"விளக்கு மாதிரி எண்டு நினைச்சன்," என்றாள்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். அவன் சிரித்தான்.

"பாவம் அண்ணை. இவவுக்கு உதுகள் என்ன தெரியும்."

எழுந்து அறைக்குள் போனான். திரும்பி வந்தபோது சட்டை மாற்றியிருந்தான். கலியாண வீடுகளுக்கென்று வைத்திருந்த நீலச் சட்டை.

"உதை ஃபோனில சொல்லேலாது," என்றான், கார்த் திறப்பைத் தேடிக்கொண்டே. "நேரில போய்த்தான் சொல்லவேணும். தகப்பன்ரை சாமான். அழுவாள்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே லிஃப்ட் வந்தது, போனது.

ரெக்ஸ்டேலில் லூசியாவின் வீட்டுக்குப் போய்வர எவ்வளவு நேரம் என்று அருள்மலருக்குத் தெரியும். ஒருத்தி அழுது முடிக்க எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பஸ்ரியன் அண்ணை விரிப்பின் மூலைகளை இழுத்துத் துவக்கை மூடினார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"வியாழக்கிழமை நான் ஃபோன் எடுக்கேக்க, தூசிகூடத் தட்டவேண்டாம் எண்டு உம்மட்டைத்தானே சொன்னனான், பிள்ளை?"