அரைப்பேர்

பண்டாரவளைக்கு அப்பால், ஒரு மொட்டை மலையில் பட்டாளத்துத் தலைமைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கல் சுமக்கத் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தார் முத்துக்கருப்பன் கங்காணி. அவர்களில் இருளாயியின் புருஷன் சடையன் ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். பாதி நாள் வேலை செய்திருந்ததால் கங்காணி அவனுக்குக் கூலிக் கணக்கில் அரைநாளுக்கான அரைப்பேர் போட்டார். சாயங்காலம் புதைத்தார்கள்.

மறுநாள் காலை ஆட்களைப் பேர் சொல்லி எண்ணும் பெரட்டில், பழக்கதோஷத்தில் சடையன் பேரையும் கூப்பிட்டுவிட்டார். "இருக்கேங்க" என்று பதில் வந்தது. அவன் வேலை செய்த மூலையில் நடுப்பகல்வரை கல் தானாக ஏறியது. பிறகு நின்றது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

பதினாறாம் நாள் நெருங்கவும் இருளாயி கங்காணியிடம் போனாள்.

"அவரு பேர வெட்டிவிடுங்கய்யா. நான் கருமாதி செய்யணும்."

"வெட்டாமயா இருக்கேன், தாயி? வெட்டிட்டுத்தான் பெரட்டுக்குப் போறேன். கூப்பிடாமலே பதில் சொல்றான். வேலைக்கு வந்தவனுக்குப் பேர் போடாம எப்படி? மத்தியானத்துக்கு மேல ஆளு இல்ல. அதான் அரைப்பேரு."

கட்டடம் முடிந்தது. ஆட்களைத் தோட்டத்துக்குத் திருப்பியனுப்பிவிட்டு முகாமைச் சுற்றி வேலி போட்டார்கள். இப்போது காலையில் பட்டாளத்துத் துரை சிப்பாய்களை இங்கிலீஷில் எண்ணி முடித்ததும், கடைசியாக ஒரு "இருக்கேங்க" எதிர்மலைத் தேயிலைவரை கேட்கிறது.

இருளாயி விடிந்ததும் பொட்டு வைத்துக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போவாள். முகாமில் பன்னிரண்டு மணி அடித்ததும் கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் பொட்டைத் துடைத்துவிடுவாள்.