மனுஷக் கை படாமல்

"அந்த ஸ்டேப்ளர் கம்பெனியோடது. உன் பெட்டியில போடாதே."

அவள் ஸ்டேப்ளரை எடுத்து மேசைமேல் வைத்தாள். பார்சல் கிடங்கின் கணினிப் பிரிவில் ஆறு வருஷம் உழைத்திருக்கிறாள். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆளும் அவள் ஒருத்திதான்.

எதிரே நின்ற மேலாளர், கதவு கார்டின் முனையால் கடைவாய்ப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததை மோந்து பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தார். அலுவலகத்தில் அவருக்குப் பல்குச்சி என்று பெயர். அந்த வாயிலிருந்து வரும் பேச்சுக்கும் அதே லட்சணம்தான்.

"டிரைவரைத் திரும்ப உள்ள விட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"அவர் சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க சார். மூணு நாள் லேட்டுன்னு வேலையை விட்டே தூக்கறதா?"

"நானா தூக்கினேன்? மிஷின் தூக்குச்சு."

தூ! மிஷின்மேல் பழி போடுகிற மூஞ்சியைப் பாருங்கள். கிடங்கில் நடப்பதெல்லாம் வரி வரியாக லாகில், அதாவது கணினிப் பதிவேட்டில், விழும். அதில் 'நீக்கம்' என்று ஒரு வரி வந்தால் போதும், வரியில் இருக்கும் ஊழியர் எண்ணைப் பிடித்துக்கொண்டு சர்வரில் கமாண்டுகள் தாமாகவே ஓடும். மெயில் மூடும், கதவு கார்டு செத்துவிடும், தலைமையகத்துக்குக் கடிதமும் போய்விடும்.

கமாண்டுகள் ஓடுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் சரிபார்க்கட்டும் என்று, இந்த ஏற்பாட்டைச் செய்தபோதே அவள் கெஞ்சினாள். "மனுஷக் கை பட்டா இரக்கம் வந்துடும்" என்று மறுத்துவிட்டார் மகானுபாவர். நேற்று அவள் டிரைவரைத் திரும்பச் சேர்த்ததும், இனி நீக்கம் என்றால் நீக்கம்தான், யாரும் திருப்பக் கூடாது என்று இயக்குநரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

"உனக்கான வரியை நானே எழுதறேன், பாரு" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் குத்திய விரலாலேயே அவள் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க எழுதற வரியில உங்க எண்ணும் வரணும்னு போன வாரம் மாத்தச் சொன்னீங்க. அதுக்கப்புறம் இதை நான் சோதிச்சுப் பாக்கல."

"என் எண் முன்னாடி நின்னாத்தான் இங்க யார் வேலை பாக்கறாங்கன்னு மேலிடத்துக்குத் தெரியும். போற நேரத்துல எனக்குப் பாடம் எடுக்காதே!"

எழுதி முடித்தார். அவள் பெட்டியோடு வெளியேறுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமாம், வாசல்வரை கூடவே வந்தார். வெளியே போகக் கார்டு வேண்டாம், கதவைத் தள்ளினால் போதும். இருவரும் வெளியே வந்து நின்றார்கள்.

"இவ கார்டை வாங்கி வை. செத்துடுச்சான்னும் பாரு" என்றார் காவலாளியிடம்.

காவலாளி கார்டைக் கதவில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"சனியன், ஏதோ கோளாறு" என்று பல்குச்சி தன் கார்டை வைத்தார். சிவப்பு. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"அழுக்கா இருக்கும் சார்" என்று காவலாளி முகத்தைச் சுளித்து, கார்டை இரண்டு விரலால் வாங்கி ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தான். அப்போதும் சிவப்புதான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வரியில முதல்ல நிக்கற எண்ணைத்தான் சார் அது எடுக்கும்."

பல்குச்சியின் முகம் வெளிறியது. "அப்போ... உடனே திருப்பு! போ, போய்த் திருப்பு!"

"யாரும் திருப்பக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே சார் கையெழுத்து வாங்கினீங்க?"

காவலாளி தன் திரையில் 'நீக்கம்' என்பதற்கு நேரே இருந்த பெயரை ஒருமுறை பார்த்தான். பிறகு அவள் கார்டை அவளிடமே நீட்டினான்.

"மேடம், அந்தப் பெட்டியைக் காலி பண்ணி சாருக்குக் குடுத்துருங்க."