பச்சைப் புள்ளி

பட்டாளத்தில் பிணம் விழுந்திருந்தாலும் பேச்சை "எல்லாம் ஓகே சார்" என்றுதான் தொடங்க வேண்டும். குறையைச் சொல்வது அதற்குப் பிறகுதான். புதிதாக வந்த தானியங்கிக் கட்டளை நெட்வொர்க்குக்கு அந்தப் 'பிறகு' தேவைப்படவில்லை. முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே, முகாமில் உள்ள ஆட்களையெல்லாம் தலைமையகத் திரையில் 'நலம்' என்று பச்சைப் புள்ளிகளாக்கிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அவ்வளவு புத்திசாலி.

மலையுச்சி முகாமில் பனி சரிந்து சிப்பாய் இசக்கி புதைந்துபோனான். மீட்க ஹெலிகாப்டர் வேண்டும். ஹவில்தார் சேவியர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாம் ஓகே சார், இங்க பனி..."

இணைப்பு போயிற்று. மறுபடி அழைத்தார். இருபது வருடம் பழகிய நாக்கு மறுபடியும் அதையே முதலில் சொன்னது.

"அண்ணே, அந்த எழவ விட்டுட்டு விஷயத்தச் சொல்லுங்க," என்றான், வெறுங்கையால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்த ஜெபராஜ்.

சேவியர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை அழைத்தார். இந்த முறை ஜெனரலே பேசினார். நெட்வொர்க்கின் திறப்பு விழாவுக்கு வந்திருந்த மந்திரிக்கு அதன் பெருமையைக் காட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"என்னப்பா, மேல எப்படி இருக்கீங்க?"

ஜெனரலின் குரலைக் கேட்டதும் சேவியர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"எல்லாம் ஓகே சார்."

தலைமையகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். திரையில் இசக்கியும் பச்சையாகத்தான் இருந்தான்.