சிரிக்கக் கூடாத வீடு

ஆவுடை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் கோமதிநாயகம் ஒரு ஜோக்கை அவிழ்த்துவிட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணத்தில் ஒட்டியிருந்த மடல் பிய்ந்துபோனது. பிளந்த அண்ணத்தோடு பிறந்தவள். எத்தனையோ தையலுக்குப் பிறகும் மிஞ்சி, குடிப்பதையெல்லாம் மூக்குக்கு ஏற்றிய ஓட்டையை மூட, அவள் கன்னத்துச் சதையிலிருந்தே வளர்த்தெடுத்த மடல் அது.

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று ஆவுடையை அதட்டிவிட்டு, டாக்டர் ரெஜினா கோமதிநாயகம் பக்கம் திரும்பினார். "அவங்க கன்னத்துல இனி எடுக்க ஒண்ணுமில்ல. உங்க கன்னத்துல எடுக்கணும்."

"என் வாய்ச் சதையா? அது தூக்கத்துலயும் பேசுமே டாக்டர்!"

"இதுவும் பிஞ்சா வேற வழியில்ல சார்."

கோமதிநாயகம் வாயைத் திறந்து கன்னத்தைக் காட்டினார்.

அடுக்களையில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் கொடுத்த வளர்ப்புப் பெட்டிக்குள் அவர் கன்னத்துச் சதை புது மடலாக வளர்ந்தது. கோமதிநாயகம் பல்கூடத் தேய்க்காமல் தினமும் போய் எட்டிப்பார்ப்பார். அதை ஆவுடைக்கு ஒட்டிய பிறகோ, தெருவே அறிந்த அந்த வாயாடி, இழவு கேட்க வந்தவர்போல வீட்டுக்குள் உலவினார். பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால்கூட ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

கடைசியில் ஒருநாள் ரெஜினா விளக்கடித்துப் பார்த்து, "நல்லா ஒட்டிருச்சு" என்றார். ஆவுடை ஒரு டம்ளர் காபியை மடமடவென்று குடித்தாள். மூக்கில் ஒரு சொட்டு வரவில்லை.

கோமதிநாயகம் அத்தனை நாள் அடக்கிவைத்ததைக் கேட்டேவிட்டார். "ஏட்டி, டாக்டர் அவ்வளவு சொல்லியும் சிரிச்சியே, என் ஜோக்கு அப்படியா இருந்துச்சு?"

"உங்க ஜோக்க யாரு கேட்டா? பொறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் கஞ்சி மூக்குல வரல. அந்தச் சந்தோசத்துல சிரிச்சேன்."