வரவேற்பறையில் ஒரு தியேட்டர்

அவளுக்குச் சந்தேகம் வந்ததே, கணவன் அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்த பிறகுதான்.

பத்து வருடமாகச் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'ம்' கொட்டிய மனுஷன். இப்போது அவள் வாயைத் திறந்தாலே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு முகத்தையே பார்க்கிறான். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்தவனில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"என் பொண்டாட்டிய நான் பாக்கக்கூடாதா?"

வரவேற்பறை முழுக்க அட்டைப்பெட்டிகளும் ஒயர்களும். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் புது ஹார்டு டிஸ்க் போட்டு, டிவியோடு சேர்த்து ஹோம் தியேட்டர் கட்டிக்கொண்டிருந்தான். படங்களை அடுக்கிக் காட்டுகிற மென்பொருளை முன்பின் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி, ஊருக்கே இலவசமாக விட்டுவிட்டார்களாம்.

"ஓசியில எவன் குடுப்பான்?" என்றாள்.

"குடுக்கறாங்களே. நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கவும் செய்யலாம். படத்துக்குக் கீழ வசனம் ஓடற எழுத்தைப் பாரு, எவ்வளவு பெரிசாக்கிட்டேன்."

"சரி, ஸ்பீக்கர் வாங்கினீங்களே, அது எங்க?"

"பிடிக்கல. திருப்பிக் குடுத்துட்டேன்."

கடைக்குத்தான் திருப்பிக் கொடுத்தானா? அந்த ஸ்பீக்கர் இந்நேரம் எவள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறதோ என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

தங்கையிடம் போனில் புலம்பினாள். "ரெண்டு மாசமா கூப்பிட்டா எடுக்கறதே இல்லடி. மெசேஜ் போடுங்கறாரு."

"பக்கத்துல ஆள் இருந்தா எப்படிக்கா எடுப்பாரு?" என்றாள் தங்கை. "திடீர்னு பாசம், போன் எடுக்கறதில்ல. எங்கயோ இடிக்குது. கையும் களவுமா பிடி."

மறுநாள் அவனுக்கு வார விடுமுறை. அவள் அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே திரும்பினாள். வாசலில் வேறு செருப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இல்லை. சத்தமில்லாமல் சாவி போட்டுத் திறந்தாள்.

கதவுக்கு முதுகைக் காட்டி அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். டிவியில் ஏதோ சிரிப்புப் படம், ஊமைப் படமாக ஓடிக்கொண்டிருந்தது. திருட்டுத்தனமாகப் பார்ப்பவன் இப்படித்தான் சத்தத்தை அடக்குவான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆள் யாரும் இல்லாவிட்டாலும் மனசு ஆறவில்லை. இன்று கேட்டே தீர வேண்டும்.

"யாரு அவ?"

அவன் திரும்பவில்லை.

"உங்களத்தான். சொல்லலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

அதற்கும் அவன் திரும்பவில்லை. டிவியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பத்து வருடக் குடும்பம் இவனுக்குச் சிரிப்பாகப் போய்விட்டது. விடுவிடுவென்று போய் டிவியை மறைத்து நின்றாள். அழுகை முட்டியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டே கேட்க வேண்டியதையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

அவன் திடுக்கிட்டு எழுந்தான். அவள் எப்போது வந்தாள், ஏன் அழுகிறாள், ஒன்றும் புரியாதவனாக விழித்தான். பிறகு அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான்.

"வாயிலேருந்து கையை எடு. உதட்டைப் பாத்தாதான் எனக்குப் புரியும்."