இன்றைக்கு என்ன குறை?

“இதுக்குப் பேர் சாப்பாடா?” என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது முறையாகத் தட்டை நிரப்பிக்கொண்டார் அண்ணன்.

தம்பி பல்லைக் கடித்தான். தம்பி மனைவி, “என்ன குறை மாமா?” என்றாள் பணிவாக.

“உப்பு எங்கம்மா? தட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்கலையே! நிர்வாகம்னா என்ன? சின்ன விஷயத்தைக் கவனிக்கிறது. எங்க கம்பெனியில இருநூறு பேரை நான் எப்படிக் கட்டி மேய்க்கிறேன்னு நினைக்கிறே?”

அண்ணன் மேலாளர். தும்மினால்கூட அந்தப் பதவியோடுதான் தும்முவார். இரண்டு மாதமாக வாரத்தில் மூன்று நாள், “இந்தப் பக்கம் ஒரு மீட்டிங்” என்று டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார், சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு.

தம்பி பட்டறையில் லேத் ஓட்டுபவன். ஆர்டர் குறைந்து அரை நாள் வேலை, அரைச் சம்பளம் என்று ஆன பிறகும் அந்த வீட்டில் யாரும் பசியோடு படுத்ததில்லை. அவன் மனைவியின் கைவண்ணம் அது. சந்தை கலையும் நேரத்துக்குப் போய் மலிவாகக் காய் அள்ளி வருவாள். இன்றைக்கு நொய்யரிசி, பயறு, உருளைக்கிழங்கு, ஊரார் தூக்கி எறியும் கோஸ் தண்டு, எல்லாம் ஒரே பானையில். சாப்பிட்டவன் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்ற வேண்டும். செய்முறை கேட்டுத் தெருப் பெண்கள் வாசலில் நிற்பார்கள்.

அந்தக் கைக்குப் போய் மார்க் போடுகிறார் இந்த மனிதர்! இன்றோடு சரி, இனி வராதே என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவதென்று தம்பி முடிவு செய்திருந்தான்.

“அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“மாமா முதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும்,” என்று கரண்டியோடு குறுக்கே புகுந்தாள் மனைவி.

அண்ணன் நீளமாக ஏப்பம் விட்டார். “என் வீட்டுக்காரி இதைப் பார்க்கணும்மா. எப்படிச் சமைக்கக் கூடாதுங்கறதுக்கு ஒரு பாடம். கொஞ்சம் டப்பாவில போட்டுக் கொடு.”

அவள் இருப்பதிலேயே பெரிய டப்பாவை நிரப்பி எடுத்து வந்தாள்.

“இவ்வளவு எதுக்கு?”

“பிள்ளைங்களுக்கும் பாடம் புரியணும்ல மாமா.”

“அதுவும் சரிதான்.” டப்பாவைத் தோல்பைக்குள் வைத்து, டையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த மீட்டிங்குக்குக் கிளம்பினார்.

கதவைச் சாத்தியதும் தம்பி வெடித்தான். “மூக்குப் பிடிக்கத் தின்னுட்டுத் திட்டிட்டுப் போறாரு, நீ கட்டி வேற கொடுக்கறே! ரோஷமே இல்லையா உனக்கு? இனிமே வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பறேன் பாரு. ஆமா, உன் கையில என்னைக்கு உப்பு குறைஞ்சிருக்கு? போன தடவை காரம். அதுக்கு முந்தின தடவை அடிப்பிடிச்சுப் போச்சு. உனக்கு என்னதான் ஆச்சு?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தவள் போலிருந்தது முகம்.

“ரெண்டு பேருக்கு வாங்கின சாமான்ல ஆறு பேருக்கு வயிறு நிறையுது, அதைச் சொல்லுங்க.”

“அவங்க எதுக்கு நம்ம சாப்பாட்டுல நிறையணும்?”

“அவர் கம்பெனியை மூடி மூணு மாசம் ஆச்சுங்க, அவர் வீட்டு அக்கா போன்ல அழுதாங்க. ‘நல்லாயிருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க’ன்னு சொன்னா அந்த மனுஷன் டப்பாவைத் தொடுவாரா? அதான் ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்து ஒரு தப்பு பண்றேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன தப்பு பண்ணலாம், நீங்களே சொல்லுங்க.”